அமெரிக்கத் தெருச்செங்கல்: சூளையும் சூளைக்காரர்களும்



கட்டுமானப் பொருள்களின் வரலாறு இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு உரிய பொருள். கோயில், அணை, பாலம் என்று பேச எவ்வளவோ இருக்க, அமெரிக்க ஊர்களில் தெருவுக்குப் பாவிய செங்கல்லை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று சிலர் கேட்டார்கள். 1870இல் தொடங்கி 1930களோடு ஏறக்குறைய அடங்கிவிட்ட தொழில் அது. ஒரு தொழில் பிறந்து, வளர்ந்து, உச்சத்தைத் தொட்டு, ஓய்ந்ததை முழுசாகப் பார்க்கிற வாய்ப்பு எளிதில் கிடைக்காது. இங்கே கிடைக்கிறது. அந்தத் தொழில் செய்த பொருளும் இன்னும் தெருவில் கிடக்கிறது, அதன் மேல் லாரி ஓடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கற்களில் பலவற்றின் முகத்தில் கம்பெனியின் பெயர் இருக்கிறது, ஊர்ப் பெயர் இருக்கிறது, சிலவற்றில் காப்புரிமைத் தேதிகூட இருக்கிறது. களிமண்ணைக் கல்லாக்கிய தீயை இராப்பகலாகக் காத்துக்கொண்டிருந்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அவரைப் பற்றித்தான்.

மேசை மேல் இருக்கிற கல்லை முன்வரிசையில் இருப்பவர்கள் கையில் வாங்கிப் பாருங்கள், பார்த்துவிட்டு அப்படியே பின்னால் கொடுங்கள். இல்லினாய் மாநிலத்தில் கேல்ஸ்பர்க் ஊரை ஒட்டி 1890இல் தொடங்கிய பியூரிங்டன் சூளையில் வெந்த கல் இது. எட்டரை அங்குல நீளம், நாலு அங்குல அகலம், மூன்றரை அங்குல கனம். நம் ஊர்ச் செங்கல்லும் ஏறக்குறைய இதே உருவம்தான். ஆனால் நம் கல் மூன்று கிலோ அளவில் நிற்கும், இது நாலு கிலோவைத் தாண்டும். ஒரே அளவு மண்ணுக்குள் இந்தக் கூடுதல் எடை எங்கிருந்து வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லைத் திருப்பினால் ஒரு பக்கத்தில் குறுக்காக ஆழமில்லாத ஒரு பள்ளம் தெரியும். யாரும் வேண்டுமென்று போட்ட பள்ளம் இல்லை அது. சூளைக்குள் இந்தக் கல்லின் மேல் குறுக்காக இன்னொரு கல் இருந்தது, அதன் மேல் இன்னும் பல வரிசைகள் இருந்தன. சூடு உச்சத்துக்குப் போனபோது கல் கொஞ்சம் இளகியது, மேலே இருந்த பாரம் அழுந்தித் தடம் பதிந்தது. சூளைத் தடம் என்று பழங்கல் சேகரிப்பவர்கள் இதைத்தான் தேடிப் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற உடைந்த பாதியையும் பாருங்கள். உள்ளே கருஞ்சிவப்பாக, இறுக்கமாக, உடைத்த கருங்கல்லின் முகம்போல இருக்கும். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அப்படியே நிற்கும். நம் செங்கல்லில் விட்டால் அந்த நொடியே உறிஞ்சிவிடும்.

இந்தக் கல் வருவதற்கு முன் அமெரிக்க நகரங்களின் தெரு எப்படி இருந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலும் மண் தெரு. மழைக்காலத்தில் வண்டி அச்சு வரை சேறு, கோடையில் புழுதி. வசதியுள்ள நகரங்கள் ஆற்று உருண்டைக் கல்லைப் பாவின. குதிரையின் குளம்பு வழுக்கியது, இரும்புப் பட்டையடித்த சக்கரம் காது கிழிய இரைந்தது, இடுக்கெல்லாம் சாணம் தங்கியது. மரக்கட்டைகளை நட்டுத் தெரு போட்டவர்களும் இருந்தார்கள். சத்தம் குறைந்தது, மரம் சில ஆண்டுகளில் மக்கியது. செதுக்கிய கிரானைட் கட்டி நன்றாக உழைத்தது, ஆனால் கல்மலை இல்லாத சமவெளி ஊர்களுக்கு அதைக் கொண்டுவரும் கூலி கட்டுப்படியாகவில்லை.

1870இல் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகரில், சம்மர்ஸ் தெருவின் ஒரு பகுதியில் செங்கல் பாவினார்கள். அமெரிக்காவின் முதல் செங்கல் தெரு என்று பொதுவாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அந்த முறையை உருவாக்கியவர் மோர்டெகாய் லெவி. பணம் போட்டவர் ஜான் ஹேல் என்ற மருத்துவர், உப்புத் தொழிலும் செய்தவர். நகராட்சி காசு கொடுக்கவில்லை, தம் செலவிலேயே போட்டுக் காட்டினார். சில ஆண்டுகள் கழித்து இல்லினாயின் புளூமிங்டன் நகரில் நெப்போலியன் ஹீஃபர் என்ற செங்கல்காரர் இதே சோதனையைச் செய்தார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒஹையோ, இல்லினாய், இண்டியானா, மேற்கு வர்ஜீனியா, பிறகு கான்சஸ் என்று அது பரவியது. 1893இல் கிளீவ்லாந்துக்கு வெளியே ஊஸ்டர் பைக் என்ற நாட்டுப்புறச் சாலைக்கும் செங்கல் போட்டார்கள்.

முதலில் போட்ட கற்கள் எல்லாம் நன்றாக உழைத்துவிடவில்லை. வீடு கட்டுகிற கல்லில் நன்றாக வெந்ததைப் பொறுக்கி எடுத்துப் பாவிய இடங்களில் கல் பொடிந்தது. வீட்டுச் சுவரில் செங்கல்லுக்குப் பாரம் மட்டும்தான். தெருவில் அதற்கு இரும்புச் சக்கரத்தின் அடி, குதிரை லாடத்தின் அடி, அதோடு பனிக்காலம். கல்லின் துளைகளில் ஏறிய தண்ணீர் உறைந்து விரிவடைந்தால் கல் உள்ளிருந்தே வெடிக்கும். ஆகவே, தெருவுக்கு வேண்டியது தண்ணீர் குடிக்காத கல். தண்ணீர் குடிக்காத கல் என்றால் துளையில்லாத கல். இங்கேதான் இந்தத் தொழில் சாதாரணச் செங்கல் தொழிலிலிருந்து பிரிந்து தனி வழி போகிறது.

களிமண்ணில் சிலிக்காவும் அலுமினாவும் மட்டும் இல்லை. இரும்பு, சுண்ணாம்பு, பொட்டாசு, சோடா எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். வெப்பம் ஏற ஏற இந்தக் கலப்புகள்தான் முதலில் உருகும். உருகிக் கண்ணாடிக் குழம்பாகி, உருகாத துகள்களுக்கு நடுவே ஓடி, துளைகளை நிரப்பும். ஆறியபின் அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிடும். கல் சுருங்கும், அடர்த்தி கூடும். கையில் வாங்கிய கல்லின் கூடுதல் கனத்துக்கு இதுதான் விடை. ஆனால் இந்த நிலைக்கும் கல் மொத்தமும் உருகிச் சரிந்துபோகும் நிலைக்கும் இடையே இருப்பது குறுகலான இடைவெளி. ஏரி மண், ஆற்று வண்டல், சுண்ணாம்பு மிகுந்த மண் ஆகியவற்றில் அந்த இடைவெளி மிகமிகச் சிறிது. காலையில் வேகாமல் இருக்கும் கல் மாலைக்குள் கட்டியாகிவிடும்.

ஷேல் என்கிற அடுக்குக் களிப்பாறையில் அந்த இடைவெளி அகலமாக இருந்தது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடுகள் நிலக்கரியாகப் புதைந்த காலத்தில் படிந்த பாறை அது. ஒஹையோவிலும் இல்லினாயிலும் கான்சசிலும் ஒரே குன்றில் ஷேலும் கிடைத்தது, அதைச் சுட நிலக்கரியும் கிடைத்தது. கல்லை ஏற்றிப்போக ரயிலும் பக்கத்தில் வந்துவிட்டது. இந்த மூன்றும் கூடிய இடங்களில்தான் பெரிய சூளைகள் எழுந்தன.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன். பாறையை வெடிவைத்தோ நீராவி மண்வாரியாலோ பெயர்த்து எடுப்பார்கள். துளைபோட்ட இரும்புத் தரை, அதன் மேல் உருளும் கனத்த இரும்புச் சக்கரங்கள். அவற்றுக்கு நடுவே பாறை மாவாகும். சலித்த மாவில் அளவாகத் தண்ணீர் விட்டுப் பக்மில் என்ற கலவைப் பொறியில் பிசைவார்கள். கெட்டியான அந்த மண்ணைத் திருகு இயந்திரம் ஒரு வாய் வழியே நீண்ட பாளமாகத் தள்ளும், கம்பி அதைத் துண்டு துண்டாக அறுக்கும். நம் வயர்கட் கல் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வேலை. திருகு சுற்றுவதால் பாளத்தின் உள்ளே சுருள் சுருளாக அடுக்குகள் விழும். அடுக்கு பிரிகிற கல் தெருவில் நிற்காது என்பது அந்தக் காலத்துப் பொறியாளர்களின் பெரிய தலைவலி. உடைந்த பாதியைச் சாய்த்துப் பிடித்தால் அந்தச் சுருளின் சாயல் இன்னும் தெரியும்.

அறுத்த பச்சைக்கல்லை மறுபடி ஓர் அச்சில் வைத்து அழுத்துவார்கள். விளிம்பு உருளுவதும், கம்பெனிப் பெயர் பதிவதும், பக்கவாட்டில் சிறு புடைப்புகள் எழுவதும் இந்த இடத்தில்தான். பக்கத்துக் கல்லோடு ஒட்டிக்கொள்ளாமல், நடுவே சாந்து இறங்க ஒரே சீரான இடைவெளி விடுவது அந்தப் புடைப்பின் வேலை. இப்படி இரண்டாம் முறை அழுத்துவதால் கல்லின் கட்டு கெடுகிறது என்று வாதிட்டவர்களும் உண்டு. ஒஹையோவின் கானியட் ஊரைச் சேர்ந்த டன் கம்பெனி, அறுக்கும் கம்பியின் ஓட்டத்தை வளைத்தே புடைப்பு விழும்படி செய்து, மறு அழுத்தம் இல்லாமல் கல் போடும் காப்புரிமையைப் பல சூளைகளுக்குக் கொடுத்தது.

இதுவரை நடந்ததெல்லாம் இயந்திரத்தின் வேலை. இனிமேல்தான் சூளை.

அந்தச் சூளைகள் வட்டமானவை, மேலே கவிந்த கூரை, குறுக்களவு 30 அடி போல. சுற்றிலும் அடுப்பு வாய்கள். தீ நேராகக் கல்லில் படாது. உட்சுவர் ஓரமாக மேலே ஏறி, கூரையில் மோதித் திரும்பி, அடுக்கிய கற்களின் ஊடே கீழே இறங்கி, தரையில் உள்ள துளைகள் வழியாகப் புகைபோக்கிக்குப் போகும். மேலிருந்து கீழே இறங்குகிற இந்த வெப்பம்தான் பல்லாயிரம் கற்களையும் ஏறக்குறைய ஒரே சீராக வேகவைத்தது. முதல் இரண்டு மூன்று நாள் மெல்லிய தீ. பச்சைக்கல்லில் மிச்சமிருக்கும் ஈரம் வெளியேற வேண்டும், அவசரப்பட்டால் ஆவி கல்லைப் பிளந்துவிடும். பிறகு பாறையில் இயற்கையாகவே இருக்கிற கரியும் கந்தகமும் எரிந்து தீரும் வரை காத்திருக்க வேண்டும். அது தீருமுன் வெளிப்பக்கம் இறுகிவிட்டால், உள்ளே கருத்து உப்பிய கல் கிடைக்கும். அதன்பின்தான் முழுத் தீ. ஆயிரம் டிகிரி செல்சியசைத் தாண்டியதும் கண்ணாடிப் பதம் தொடங்கும்.

அந்தப் பதம் வந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கிறவருக்கு இருக்கிற அதே பதற்றம் இதில் உண்டு, ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் மொத்தமும் போயிற்று. தீக்காரர் பார்வைத் துளையில் கண் வைத்து நிறத்தைப் பார்ப்பார். சோதனைக்கென்று வைத்த துண்டைக் கம்பியால் இழுத்து உடைத்துப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அளவு உண்டு. சூளையின் உச்சித் துளை வழியாக ஓர் இரும்புக் கம்பியை இறக்கி, அடுக்கின் தலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளப்பார். கற்கள் கண்ணாடிப்படும்போது சுருங்கும் என்று சொன்னேன். ஒவ்வொரு கல்லும் கொஞ்சம் கொஞ்சம் சுருங்கினால் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அடுக்கு அங்குலக் கணக்கில் இறங்கும். எத்தனை அங்குலம் இறங்கினால் தீயை நிறுத்தலாம் என்பது அந்தந்த ஊர்ப் பாறைக்குத் தகுந்த கணக்கு. எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்க முடியாத அந்தக் கணக்கைத் தீக்காரர் பல சூளைகள் சுட்டுத் தாமே தெரிந்துவைத்திருந்தார்.

தீ நின்றபின் எல்லா வாயையும் மூடிப் பூசிவிட்டு, மறுபடி ஒரு வாரம், பத்து நாள் ஆறவிடுவார்கள். இந்த ஆறும் காலத்தை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். விரைவாக ஆறிய கல் பார்வைக்கு அதே நிறத்தில், அதே எடையில் இருக்கும். ஆனால் நொறுங்கும். மெதுவாக ஆறிய கல்லுக்கே கடினத்தோடு உறுதியும் சேரும். கேட்புகள் குவிந்திருக்கும் காலத்தில், இன்னும் நாலு நாள் பொறு என்று சொல்கிற ஆள் சூளையில் இருந்தாரா, முதலாளி அவர் பேச்சைக் கேட்டாரா என்பதைப் பொறுத்து ஒரு நகரத்தின் தெரு நாற்பது ஆண்டு உழைத்தது, அல்லது நாலே ஆண்டில் குழி விழுந்தது.

இந்தத் தீக்காரரின் கண்ணுக்கு அறிவியல் துணை செய்த விதமும் சொல்லத் தக்கது. பெர்லினில் ஹெர்மன் சேகர் 1886இல் சிறு களிமண் கூம்புகளை உருவாக்கினார். வெவ்வேறு கலவையில் செய்த கூம்புகள் வெவ்வேறு வெப்பத்தில் தலை கவிழும். பார்வைத் துளைக்கு நேரே மூன்று நாலு கூம்புகளை நிறுத்தி, எது கவிழ்ந்தது, எது நிற்கிறது என்று பார்த்தால் சூளையின் நிலை தெரியும். அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் இளையவர் 1894இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் களிமண் பொருள்களுக்கென்றே நாட்டின் முதல் பொறியியல் துறையைத் தொடங்கினார். 1896இல் கூம்புகளைத் தாமே செய்து விற்கவும் தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய கூம்புகள் இன்றும் உலகெங்கும் மட்பாண்டக் கலைஞர்களின் சூளையில் நிற்கின்றன. தெருச்செங்கல் தொழில் அந்த மாநிலத்தில் அவ்வளவு பெரிதாக இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் துறைக்கு அன்று ஆதரவு கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

சூளை சரியாக வேலை செய்ததா என்பதைத் தீர்ப்பளிக்க ஓர் இயந்திரமும் இருந்தது. 28 அங்குலக் குறுக்களவுள்ள இரும்பு உருளை. அதில் பத்துக் கற்களைப் போடுவார்கள். கூடவே பெரிய வார்ப்பிரும்புக் குண்டு பத்து, சின்னக் குண்டு ஏறக்குறைய 250, ஆக மொத்தம் 300 பவுண்டு இரும்பு. நிமிடத்துக்கு 30 சுற்று வீதம் 1,800 சுற்று, அதாவது ஒரு மணி நேரம், கல்லும் இரும்பும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். முடிந்ததும் கற்களை எடுத்து நிறுப்பார்கள். நாலில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் நெரிசல் மிகுந்த தெருவுக்கு அந்தக் கல் ஆகாது. சரியாக வேகாத கல் அதற்குள் மாவாகும். சட்டென்று ஆறிய கல் துண்டு துண்டாகச் சிதறும். அடுக்கு விழுந்த கல் தகடு தகடாகக் கழன்றுவிடும். தீக்காரர் இரண்டு வாரம் பொறுத்திருந்தாரா இல்லையா என்பதை ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும் இயந்திரம். பொதுப்பணத்தில் வாங்கும் பொருளுக்கு இவ்வளவு நேர்மையான, ஏமாற்ற முடியாத ஒரு சோதனை அந்தக் காலத்திலேயே இருந்ததை எண்ணும்போது எனக்கு மிகுந்த மரியாதை வருகிறது.

ஊர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நிறையாது. ஒஹையோவின் ஹாக்கிங் பள்ளத்தாக்கில் நெல்சன்வில் என்ற சிற்றூர். அதன் நட்சத்திரக் கற்கள் பெயர்பெற்றவை. உச்ச வெப்பத்தில் அடுப்பு வாய்க்குள் உப்பை அள்ளி வீசுவார்கள். உப்பு ஆவியாகிக் கல்லின் மேற்பரப்போடு சேர்ந்து கண்ணாடிப் பூச்சாகப் படியும். 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் நெல்சன்வில் கல்லுக்கு முதல் பரிசு கிடைத்தது. அந்த வட்டச் சூளைகளில் சில, புகைபோக்கியோடு நெடுஞ்சாலை ஓரத்தில் இன்றும் நிற்கின்றன. கான்சஸ் மாநிலத்தில் வேறொரு கதை. மாநில சுகாதார வாரியத்தின் செயலராக இருந்த மருத்துவர் சாமுவேல் கிரம்பைன், காசநோயைத் தடுக்க ஊர் ஊராக அலைந்தவர். பொதுக் குவளையில் தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை ஒழித்தவரும் அவர்தான். 'நடைபாதையில் துப்பாதீர்' என்று கல்லிலேயே அச்சடிக்கும்படி சூளைக்காரர்களை இணங்கவைத்தார். ஆள்கள் தலைகுனிந்து நடக்கும்போது கண்ணில் படுகிற இடத்தில் அறிவுரையை வைத்த அந்த யோசனையை நான் மெச்சுகிறேன்.

இண்டியானாபொலிஸ் கார்ப் பந்தயத் திடல் 1909இல் திறந்தபோது அதன் தரை ஜல்லியும் தாரும். முதல் பந்தயங்களிலேயே தரை பெயர்ந்து உயிர்கள் போயின. அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் 63 நாள்களில் 32 லட்சம் தெருச்செங்கல்லைப் பாவி முடித்தார்கள். அவற்றில் பெரும்பகுதி அதே மாநிலத்தின் வீடர்ஸ்பர்க் சூளையிலிருந்து வந்தது. 1961இல் மிச்சமிருந்த செங்கல் தரையையும் தார் மூடியபின், வெற்றிக் கோட்டில் மூன்றடி அகலத்துக்கு மட்டும் செங்கல்லை விட்டுவைத்திருக்கிறார்கள்.

கல் பாவுவதும் கைவேலைதான். கான்சஸின் ஓலாத்தே நகரில் 1925இல், ஒனைடா பழங்குடியைச் சேர்ந்த ஜிம் பிரவுன் என்பவர் எட்டு மணி நேரத்துக்குள் 46,000க்கும் மேற்பட்ட கற்களைப் பாவினார். நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு கல், ஒவ்வொன்றும் நாலு கிலோ. கல்லை எடுத்துக்கொடுக்கப் பல ஆள்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். குனிந்த முதுகை நிமிர்த்தாமல் அவர் வைத்துக்கொண்டே போனார். ஆயிரக்கணக்கான பாவுகாரர்களில் அவர் ஒருவர் பெயராவது நமக்குக் கிடைத்திருக்கிறது.

பெயரே இல்லாமல் போனவர்களுக்கு வருகிறேன். அட்லாண்டா நகரை ஒட்டிய சட்டஹூச்சி செங்கல் கம்பெனியை நடத்தியவர் ஜேம்ஸ் இங்கிலிஷ், அந்நகரின் முன்னாள் மேயர். அவருடைய சூளையில் வேலை செய்தவர்கள் மாநில அரசு குத்தகைக்கு விட்ட கைதிகள். பெரும்பாலும் கறுப்பின மக்கள். வேலையில்லாமல் சுற்றினார் என்பதுபோன்ற குற்றச்சாட்டுகளில்கூடப் பிடிபட்டு, தண்டனையாகச் சூளைக்கு அனுப்பப்பட்டவர்கள். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து ஒரு தலைமுறை கழிந்த பிறகு, சவுக்கடியோடு சூளைச் சூட்டில் ஓடி ஓடிக் கல் சுமந்தார்கள். அட்லாண்டாவின் கட்டடங்களுக்கும் நடைபாதைகளுக்கும் தெருக்களுக்கும் அந்தக் கல் போனது. 1908இல் சட்டமன்றம் விசாரணை நடத்திய பிறகே ஜார்ஜியா மாநிலம் இந்தக் குத்தகை முறையை நிறுத்தியது. டக்ளஸ் பிளாக்மன் 2008இல் வெளியிட்ட நூலில் இந்தச் சூளையைப் பற்றி விரிவாக எழுதினார். 2022இல் அட்லாண்டா நகராட்சி அந்த நிலத்தை வாங்கியிருக்கிறது. நாம் இதை எட்ட இருந்து கேட்டுவிட்டுப் போக முடியாது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும் நம் திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளிலிருந்து, குழந்தை குட்டிகளோடு குடும்பங்களை மீட்ட செய்தியை நாம் படித்திருக்கிறோம். பழங்கல்லை அழகு என்று வாங்கி முற்றத்தில் பாவுகிறவர், அதில் உள்ள கம்பெனிப் பெயரைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தொழில் ஏன் ஓய்ந்தது? கல் தோற்றதால் ஓயவில்லை. டெக்சஸின் தர்பர் ஊரின் கதையில் காரணம் முழுவதும் இருக்கிறது. நிலக்கரி எடுக்க ஒரு கம்பெனி உருவாக்கிய ஊர் அது. விற்க முடியாத சிறு கரித்தூளைக் கொண்டு சுடலாம் என்று 1897இல் செங்கல் சூளை வைத்தார்கள். ஆஸ்டின் நகரின் காங்கிரஸ் அவென்யூவுக்கும் ஃபோர்ட்வொர்த்தின் கேம்ப் போவி சாலைக்கும் அங்கிருந்து கல் போனது. 1917இல் அதே கம்பெனி பக்கத்து ரேஞ்சர் ஊரில் எண்ணெய் கண்டுபிடித்தது. ரயில் எஞ்சின்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறின, சுரங்கங்கள் மூடின. எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சுகிற தார் மலிவாகக் குவிந்தது. அந்தத் தாரை இயந்திரம் ஒரே நாளில் நெடுந்தூரத்துக்குப் போட்டுக்கொண்டே போகும், முதுகு குனிந்து கல் வைக்க ஆள் வேண்டாம். 1930களின் தொடக்கத்துக்குள் தர்பர் சூளையும் அணைந்தது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்ந்த அந்த ஊரில் இன்று ஒரு புகைபோக்கியும் சில கட்டடங்களும் இருக்கின்றன. வணிகத்துறை அமைச்சராக இருந்த ஹூவர் 1921இல் சூளைக்காரர்களை அழைத்து 66 அளவுகளில் போட்டுக்கொண்டிருந்த கல்லை 11ஆகக் குறைக்கச் செய்ததும் ஓரளவு செலவைக் குறைத்தது. தாரின் மலிவுக்கு அது ஈடாகவில்லை.

கார் ஓட்டத்துக்குச் செங்கல் தெரு கொஞ்சம் அதிர்வு தரும் என்பது உண்மை. அதற்குத் தாரை மேலே பூசினார்கள். அந்தத் தாருக்கு அடியில் பல நகரங்களில் செங்கல் இன்னும் முழுதாக இருக்கிறது. ஃபிளாரிடாவின் ஆர்லாண்டோவில் குடியிருப்புத் தெருக்களின் தாரைச் சுரண்டி எடுத்துப் பழைய செங்கல்லை மறுபடி வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். வண்டிகள் அந்தத் தெருக்களில் தாமாகவே மெதுவாகப் போகின்றன.

நெதர்லாந்துக்காரர்கள் இந்தக் கல்லை ஒருபோதும் கைவிடவில்லை. அமெரிக்காவில் பல இடங்களில் காங்கிரீட் தளத்தின் மேல் கல்லை வைத்து, இடுக்கில் சிமெண்ட் குழம்பை ஊற்றி இறுக்கினார்கள். பிறகு குழாய் போடத் தோண்டினால் கல் உடைந்துதான் வரும். நெதர்லாந்தில் மணல் மேல் பாவி, இடுக்கிலும் மணலையே பெருக்கித் தள்ளுகிறார்கள். தோண்ட வேண்டிய இடத்தில் கல்லை எடுத்து ஓரமாக அடுக்கி, வேலை முடிந்ததும் அதே கல்லைத் திரும்ப வைக்கிறார்கள். ஒரு முகம் தேய்ந்திருந்தால் புரட்டி மறுமுகத்தை வைக்கிறார்கள். நிலம் தாழ்ந்துகொண்டே இருக்கிற அந்த நாட்டில் வேறு வழியும் இல்லை. நம் தெருக்களில் இன்று எங்கும் சிமெண்ட் பேவர் பிளாக் வந்துவிட்டது. அதையும் இதே முறையில் எடுத்துத் திரும்ப வைக்கலாம். ஆனால், தோண்டிய இடத்தில் கோணல் மாணலாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறோம். மணலைச் சமன்செய்து மட்டம் பார்த்துக் கல் வைக்கத் தெரிந்த கைக்கு உரிய கூலி கொடுக்க எந்த ஒப்பந்தத்திலும் இடமில்லை என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தத் துறை மாணவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அமெரிக்கத் தீக்காரர்களிடம் கேட்டுப் பதிவுசெய்ய இனி ஆள் இல்லை. நம் மாவட்டங்களில் சேம்பர் சூளைக்கு மேலே நின்று, துளை மூடியைத் திறந்து, கரியோ விறகோ போடலாமா இன்னும் பொறுக்கலாமா என்று முடிவு செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சவுக்கு விறகு வைத்து நாட்டுச் சூளை சுட்டவர்களில் வயதானவர்களும் இருக்கிறார்கள். எந்த நிறத்தைப் பார்த்துத் தீயை நகர்த்துகிறார்கள், மழை வந்தால் என்ன செய்வார்கள், எந்த ஏரி மண் எத்தனை நாள் தாங்கும், இதை யாரிடம் கற்றார்கள், என்ன கூலி வாங்கினார்கள், முன்பணம் எவ்வளவு, அது எப்போது தீர்ந்தது என்று கேளுங்கள். அவர்கள் பேசுகிற சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பெயரையும் ஊரையும் எழுதச் சம்மதமா என்று கேட்டு, சம்மதித்தால் தவறாமல் எழுதுங்கள். சூளை மூடியிருக்கும் மழை மாதங்களில் அவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கும்போது அந்தப் பதிவுகளில் சில இந்த மேசைக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.